உறைபனி தின்ற பாத்திகளை அட்டவணையிலிருந்து நீக்கலாமா?

சென்ற வாரம், இமயமலைப் பகுதியிலுள்ள ஒரு வேளாண் கல்வி நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் இளையவர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். “அக்கா, மே மாத இறுதியில் விழுந்த உறைபனியில் என் சோதனைத் திடலின் சில பாத்திகள் கருகிவிட்டன. அவற்றை விடுபட்ட பாத்திகள் என்று காட்டிவிட்டு, எஞ்சியவற்றைக் கொண்டு பகுப்பாய்வை முடிக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?”

செய்யக் கூடாது என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன். பிறகு அந்த ஒரு வரி எனக்கே நேர்மைக் குறைவாகத் தோன்றியது. ஏனெனில், இதே கேள்வி என் முன் வந்தபோது நான் வேறு விடையைத்தான் தேர்ந்தெடுத்தேன்; அதன் விளைவையும் பார்த்தேன். ஆகவே இந்த நீண்ட பதிவு. வேளாண்மை பயிலாத நண்பர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். களத்தில் தரவு திரட்டும் எந்தத் துறையினருக்கும் இச்சிக்கல் அயலானதன்று.

என் ஆய்வுக்களம் லடாக். லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையும் பனிப்பொழிவும் சேர்ந்து ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவே. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்குவதுண்டு. திறந்த வெளியில் காய்கறி வளரக்கூடிய காலம் மே முதல் செப்டம்பர் வரை. அதிலும் இரு முனைகளிலும் உறைபனி காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம் தவறினால் அடுத்த பட்டத்தை நம்பலாம். இங்கே ஆண்டுக்கு ஒரே பட்டம். முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, காரட், டர்னிப், முள்ளங்கி ஆகியவற்றை அந்த ஒரே பட்டத்தில் விளைவித்து, நிலத்தில் குழி தோண்டிச் சேமித்து, சாலைகள் பனியால் அடைபடும் மாதங்களைக் கடப்பது இங்குள்ள குடும்பங்களின் நீண்டகால வழக்கம்.

பருவம் இவ்வளவு குறுகியதாக இருப்பதால் வசந்தகாலத்தின் ஒவ்வொரு நாளும் விலைமதிப்புடையது. செவாங் நோர்பெல் என்னும் பொறியாளர் செயற்கைப் பனிப்பாறைகளை அமைக்கத் தொடங்கியதன் காரணமும் இதுவே. இயற்கைப் பனிப்பாறைகள் மிக உயரத்தில் இருப்பதால் கோடை முதிர்ந்த பின்னரே போதிய நீரைத் தருகின்றன. விதைப்புக்கோ ஏப்ரல், மே மாதங்களிலேயே நீர் வேண்டும். ஊருக்கு அருகே தாழ்வான இடத்தில் குளிர்கால நீரை உறைய வைத்தால் அது முன்னதாக உருகி விதைப்புக்கு உதவும். சில வாரங்களை முன்னுக்குக் கொண்டுவருவதற்காக ஒரு மனிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கிறார். ‘எப்போது நடுவது?’ என்ற கேள்விக்கு இந்த மண்ணில் உள்ள எடையை இதிலிருந்து உணரலாம்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வியும் அதுவே. முட்டைக்கோசு, தக்காளி ஆகிய இரு பயிர்கள். மே 10, மே 20, மே 30, ஜூன் 10 என நான்கு நடவு நாள்கள். ஒவ்வொன்றும் மூன்று பாத்திகளில். ஆக 24 பாத்திகள். நாற்றுகளைப் பசுமைக்குடிலில் வளர்த்துத் திறந்த வெளியில் நட்டேன். முதல் ஆண்டு வானம் கருணை காட்டியது. நடவுக்குப் பின் உறைபனி இல்லை. இரு பயிர்களிலும் மே 10 நடவே மிகுந்த விளைச்சலைத் தந்தது. இதில் வியப்பில்லை, முன்னதாக நடப்பட்ட செடிக்கு வளர்வதற்கு அதிக நாள்கள் கிடைக்கின்றன.

இரண்டாம் ஆண்டு, மே மாதத்தின் கடைசி வாரத்தில் ஓர் இரவு. காற்று அசையவில்லை, வானில் ஒரு துண்டு மேகமும் இல்லை. மறுநாள் விடியலில் திடலுக்குச் சென்றபோது மே 10, மே 20 ஆகிய நாள்களில் நட்ட தக்காளிப் பாத்திகள் ஆறும் வெந்நீர் ஊற்றியதுபோல் கிடந்தன. இலைகள் கருமை படர்ந்து, நீர் ஊறித் துவண்டிருந்தன. வெயில் ஏறியதும் அவை காய்ந்து சுருண்டன. பக்கத்துப் பாத்திகளில் இருந்த முட்டைக்கோசு சற்றே நிறம் மாறியதோடு தப்பிவிட்டது.

அருகிலிருந்த வானிலைக் கூண்டின் குறிப்பைப் பார்த்தேன். அன்றைய குறைந்தபட்ச வெப்பநிலை உறைநிலைக்கு மேலேதான் பதிவாகியிருந்தது. அப்படியானால் செடி எவ்வாறு உறைந்தது? கூண்டினுள் இருக்கும் வெப்பமானி தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலான உயரத்தில், நிழலில் இருக்கிறது. மேகமற்ற, காற்றற்ற இரவில் தரையும் இலையும் தம் வெப்பத்தை நேரே வானுக்கு இழக்கின்றன. காற்றில் ஈரம் குறைவாக இருக்கும் லடாக் போன்ற இடத்தில் அந்த இழப்பு இன்னும் கூடுதல். தரையை ஒட்டிய காற்று, கூண்டில் உள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது; நீரைப்போல் சரிவில் இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்குகிறது. என் திடல் வயல்வரிசையின் அடிமட்டத்தில், ஒரு மண்சுவரை ஒட்டி இருந்தது. குளிர் வந்து தேங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பாசனம் எளிது, சமதளம், வாகனம் செல்லும் வழி என்று பார்த்துத் திடலைத் தேர்ந்த எங்களுக்கு இது தோன்றவில்லை.

திடலுக்கு மேலே இரண்டு அடுக்கு தள்ளி ஒரு முதியவரின் காய்கறித் தோட்டம் இருந்தது. அவரை நான் ‘அபி-லே’ என்று அழைப்பேன்; பாட்டியை மரியாதையோடு விளிக்கும் லடாக்கியச் சொல் அது. அவருடைய பீன்ஸ் செடிகள் அந்த இரவைத் தாண்டி நின்றன. காரணம் கேட்டேன். முந்தைய நாள் அவருக்குப் பாசன முறை, மண் நனைந்திருந்தது. மாலையில் குச்சிகளை நட்டு அவற்றின்மேல் பழைய சாக்குகளைப் போர்த்தியிருந்தார். ஈரமான மண் பகல் வெப்பத்தை மிகுதியாகத் தேக்கி, இரவில் மெல்ல வெளிவிடுகிறது. நீர் உறையும்போதும் ஒரு கிராமுக்கு 334 ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. இவற்றை நான் பாடநூலில் படித்திருந்தேன். ஆனால் என் திடலில் அன்று மண் காய்ந்திருந்தது. ஊரில் நீரைப் பங்கிடும் ‘சுர்ப்போன்’ வகுத்த முறைப்படி எங்கள் பாசனம் மூன்று நாள் கழித்துத்தான். நினைத்த மாலையில் நீர் பாய்ச்சும் வாய்ப்பு இங்கே எவருக்கும் இல்லை.

அபி-லே தொடர்ந்து சொன்னதை என்னால் மறக்க இயலவில்லை. “நோமோ, நீங்கள் நட்ட இடம் கீழே இருக்கிறது. நாங்களும் அங்கே தக்காளி வைத்துப் பார்த்தோம். இரண்டு முறை போயிற்று. அதன்பிறகு கீழே கோசும் டர்னிப்பும் மட்டும்தான்.”

அந்தக் குடும்பத்தின் அறிவு இழப்புகளால் ஆனது. எந்த வயலில், எந்தப் பயிர், எத்தனை முறை போயிற்று என்பதே அவர்களின் குறிப்பேடு. சில ஊர்களில் மலைமுகட்டில் நிறுத்திய கல்லைச் சூரியன் தொடும் நாளைக்கொண்டு விதைப்பைக் குறிக்கும் மரபு இருந்திருக்கிறது. அந்த நாளும் ஒரு தலைமுறையின் கணிப்பால் அமைந்திருக்க இயலாது. முந்தி விதைத்து இழந்தவர்கள் பலர் அதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

என் குறிப்பேட்டுக்கு நேர்ந்தது வேறு. ஆய்வுக் குழுவில் ஒருவர், “உறைபனி இயற்கைச் சீற்றம், அது உங்கள் காரணி அன்று. ஆறு பாத்திகளையும் விடுபட்டவையாகக் கொள்ளுங்கள்” என்று அறிவுறுத்தினார். தீய எண்ணத்தோடு சொல்லப்பட்ட அறிவுரை அன்று. ஆறு பூச்சியங்களை அட்டவணையில் சேர்த்தால் மாறுபாட்டுப் பகுப்பாய்வின் அடிப்படை எடுகோள்கள் நொறுங்கிவிடும் என்பது உண்மை. எனக்கும் உதவித்தொகைக் காலம் முடிய ஓராண்டே எஞ்சியிருந்தது. ஒப்புக்கொண்டேன். கருத்தரங்கச் சுருக்கம் ஒன்றில் ‘லடாக்கின் திறந்தவெளித் தக்காளிக்கு மே 10 நடவே உகந்தது’ என்ற முடிவு என் பெயரோடு அச்சேறியது.

அடுத்த வசந்தத்தில் அதே ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். லேவில் சுற்றுலா விடுதிகளுக்குக் காய்கறி விற்பவர். “மேடம், மே 10 தான் சரி என்று எழுதியிருக்கிறீர்களாமே. இந்த ஆண்டு முழு வயலையும் அன்றே நட்டுவிடலாமா?” என்று கேட்டார். என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. “பாதியை மட்டும் நடுங்கள், கீழ் வயலில் வேண்டாம்” என்றேன். அப்படியானால் எழுதியது என்ன என்பதுபோல் அவர் பார்த்தார். நேரில் கேட்கும் ஒருவருக்குச் சொல்லத் துணியாத ஒன்றை நான் ஆய்வு முடிவாக அச்சிட்டிருந்தேன்.

புள்ளியியல் நோக்கில் நான் செய்த பிழை என்ன? விடுபட்ட பாத்தியின் மதிப்பை மற்றப் பாத்திகளிலிருந்து கணித்து நிரப்பும் முறையை ஃபிராங்க் யேட்ஸ் 1933இல் விரிவாக வகுத்தார். மாடு புகுந்து மேய்ந்த பாத்தி, அறுவடையின்போது கலந்துவிட்ட மூட்டை போன்ற தற்செயல் இழப்புகளுக்கு அது பொருந்தும். மாடு, நடவு நாள் பார்த்துப் பாத்தியைத் தேர்வதில்லை. உறைபனி தேர்கிறது. மே 30க்குப் பின் நட்டவை அந்த இரவில் பசுமைக்குடிலுக்குள் பாதுகாப்பாக இருந்தன; முந்தி நட்டவை மட்டுமே வெளியில் நின்றன. அதாவது, இழப்பு என்பது நான் ஆராய்ந்த காரணியின் நேரடி விளைவு. விடுபடுதல் எதனால் நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே அதைப் புறக்கணிக்கலாமா என்பது அமையும் என்று டொனால்ட் ரூபின் 1976இல் தெளிவாக்கினார். பகுப்பாய்வு வகுப்பில் இதைப் படித்துத் தேர்வும் எழுதிய நாம், களத்தில் உறைபனியைக் கண்டதும் மாட்டின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஓர் எளிய கணக்கால் இதன் விளைவைக் காணலாம். எண்கள் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. முந்திய நடவு, உறைபனி இல்லாத ஆண்டில் 100 பங்கு விளைச்சல் தருகிறது. உறைபனி வந்தால் ஒன்றுமில்லை. பிந்திய நடவு எல்லா ஆண்டும் 80 பங்கு தருகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை உறைபனி வந்தால் இரண்டின் சராசரியும் 80. நான்காண்டுக்கு ஒருமுறை வந்தால் முந்திய நடவின் சராசரி 75. ஆனால் உறைபனி ஆண்டை அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டால், முந்திய நடவு எப்போதும் 100! உறைபனி எத்தனை முறை வந்தாலும் நம் முடிவு அசையாது. எந்த இடரை அளப்பதற்காகச் சோதனை அமைத்தோமோ அந்த இடரைக் காண முடியாத ஒரு கருவியை நாமே செய்துவிடுகிறோம். சராசரிகள் சமமாக இருக்கும்போதும் ஒரே வயலை நம்பிய குடும்பத்திற்கு இரண்டும் ஒன்றல்ல. ஐந்தாண்டுச் சராசரியைக் குளிர்காலக் குழியில் சேமிக்க முடியாது.

‘கடைசி உறைபனியின் சராசரி நாள்’ என்று நாம் பரிந்துரைகளில் எழுதுவதிலும் இதே மயக்கம் இருக்கிறது. ஓரிடத்தின் சராசரி மே 15 என்று கொள்வோம். அந்த நாளுக்குப் பின்னும் உறைபனி வரும் ஆண்டுகள் ஏறத்தாழப் பாதி. திட்டவிலக்கம் 10 நாள் என்றால், பத்தாண்டுக்கு ஒருமுறை மட்டுமே இடர் ஏற்கலாம் என நினைப்பவர் மே 28 வரை காத்திருக்க வேண்டும். முட்டைக்கோசும் பட்டாணியும் இளம் பருவத்தில் இலேசான உறைபனியைத் தாங்கும். அவற்றுக்குக் காத்திருப்பு வீண். தக்காளி, பீன்ஸ், குடைமிளகாய், வெள்ளரி ஆகியவை தாங்கா. ஆகவே ‘மாவட்டத்திற்கு ஒரு நாள்’ என்ற பரிந்துரை ஒரு பயிருக்குத் தாமதமாகவும் மற்றொன்றுக்கு அவசரமாகவும் அமைந்துவிடுகிறது.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளைச் சிந்தித்திருக்கிறேன். முதலாவது, பசுமைக்குடில்கள் வந்துவிட்டன, இனி இந்தக் கவலை எதற்கு என்பது. மூன்று பக்கம் மண்கல் சுவரும் தெற்கு நோக்கிய நெகிழித்தாளும் கொண்ட லடாக்கின் சூரியவெப்பக் குடில்கள் குளிர்காலத்திலும் கீரை தருகின்றன. நாற்று வளர்க்க அவற்றைவிட நல்ல இடமில்லை. ஆயினும் குளிர்காலச் சேமிப்புக்கான உருளைக்கிழங்கும் கோசும் காரட்டும் திறந்த வயலில்தான் விளைகின்றன. குடிலில் வளர்ந்த நாற்றும் ஒருநாள் வெளியே வந்தாக வேண்டும். எந்த நாள் என்பதே கேள்வி.

இரண்டாவது, புவி வெப்பமடைவதால் உறைபனி தானே விலகிவிடும் என்பது. வசந்தம் முந்தி வந்தால் பயிரும் உழவரும் முந்துகிறார்கள். ஒரே ஒரு குளிரலை போதும். 2021 ஏப்ரல் தொடக்கத்தில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் அதுவே நிகழ்ந்தது. மார்ச் இறுதியின் வெப்பத்தில் துளிர்த்த கொடிகள், அடுத்து வந்த உறைபனியில் கருகின. சராசரி வெப்பம் உயர்வதும் பின்வரும் உறைபனியின் சேதம் மிகுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

மூன்றாவது மறுப்பு வலுவானது: ஓராண்டின் ஓர் இரவைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. உண்மை. என் ஆறு பாத்திகள் தனியாக எதையும் மெய்ப்பிக்கவில்லை. ஆனால் லடாக்கிலும் லாஹௌலிலும் கின்னௌரிலும் காஷ்மீரிலும் நடவு நாள் சோதனை செய்த ஒவ்வொருவரும் தம் உறைபனி இரவை ஆய்வேட்டில் எழுதியிருந்தால், அவற்றைத் தொகுத்து இடரைக் கணக்கிட முடிந்திருக்கும். ஒவ்வொருவரும் தம் இரவைத் தனித்தனியே ‘விதிவிலக்கு’ என நீக்கியதால் அந்தத் தொகுப்பு இல்லாமற் போயிற்று. அபி-லேயின் குடும்பம் இரண்டு இழப்பில் கற்றுக்கொண்டதை, நம் துறை எத்தனை இழப்புக்குப் பின்னும் கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

எனவே என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறேன். நடவு நாளையோ விதைப்பு நாளையோ ஆராயும் எந்த ஆய்வேடும், உறைபனியில் இழந்த பாத்திகளைத் தனி அட்டவணையாகத் தர வேண்டும்: எந்த இரவு, எந்தப் பயிர், செடியின் வயது, மண்ணின் ஈரம், திடலின் மேடுபள்ளம். பகுப்பாய்வை இரு படிகளாகச் செய்யலாம். முதலில் செடி பிழைத்ததா என்பது, பிறகு பிழைத்தவற்றின் விளைச்சல். எடுகோள்களும் காக்கப்படும், பூச்சியங்களும் மறையா. வெப்பமானி ஒன்றைச் செடியின் உயரத்தில், நிழற்கூண்டு இல்லாமல் வைக்க வேண்டும். ஆய்வு நிதியில் அதன் விலை ஒரு பொருட்டன்று. பரிந்துரை எழுதும்போது ஒரு நாளை மட்டும் எழுதாமல், அந்த நாளில் நட்டால் பத்தாண்டில் எத்தனை ஆண்டு இழப்பு நேரலாம் என்பதையும், மேல் வயலா கீழ் வயலா என்பதையும் எழுத வேண்டும். எத்தனை இடரை ஏற்பது என்பதை உழவர் முடிவு செய்வார். அந்த முடிவை நாம் அட்டவணைக்குள் ஒளித்து எடுத்துவிடக் கூடாது.

நெறியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருகிய பாத்திகளோடு ஒரு மாணவர் வாய்மொழித் தேர்வுக்கு வரும்போது ‘சோதனை ஏன் தோற்றது?’ என்று கேட்காதீர்கள். ‘அந்த இரவில் என்ன அளந்தீர்கள்?’ என்று கேளுங்கள். முதற்கேள்விக்கு அஞ்சித்தான் நாங்கள் நீக்குகிறோம். இரண்டாம் கேள்வியை எதிர்பார்த்தால் அளக்கத் தொடங்குவோம்.

என் ஆய்வேட்டின் இறுதி வடிவில் அந்த ஆறு பாத்திகளையும் சேர்த்திருக்கிறேன். மே 10 நடவைப் பற்றிய முந்தைய முடிவு பிழையானது என்றும், ஏன் பிழையானது என்றும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். தேர்வாளர் என்ன சொல்வார் என்பது இனிதான் தெரியும். விடுதிகளுக்குக் காய்கறி விற்கும் அந்த இளைஞருக்கு அப்பக்கத்தை இந்தியில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு எழுதிய தம்பிக்கு: பாத்திகளை நீக்காதீர்கள். மண் காய்ந்திருந்ததா, நனைந்திருந்ததா என்பதை நினைவு மங்குமுன் இன்றே குறித்துவையுங்கள். மேல் வயலில் யாருடைய செடிகள் தப்பின என்று ஊரில் கேளுங்கள். இத்தகைய இரவைத் தம் ஆய்வில் கண்டு, பிறகு எழுதாமல் விட்ட நண்பர்கள் இருந்தால், இப்பதிவின் கீழே பயிரையும் நாளையும் இடத்தின் உயரத்தையும் மட்டுமேனும் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சிறிய தொகுப்பாகவேனும் தொடங்குவோம்.